அந்தக் குதிரைக்கு யார் தண்ணி காட்டினா?

பாமணி ஆற்றங்கரை,
மன்னார்குடி வட்டம்.

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் கிடைத்தது. "டீச்சர், இந்த ரூட்டுல கையால எழுதின லெட்டர் உங்களுக்கு மட்டும்தான் வருது" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார் போஸ்ட்மேன். மற்றவர்களுக்கெல்லாம் பேங்க் நோட்டீசும் எல்ஐசி ரசீதும்தானாம். உன் கையெழுத்து இன்னும் திருந்தவில்லை. இரண்டாவது பக்கத்தில் "முட்டி" என்று எழுதியிருப்பதை "மூட்டை" என்று படித்துவிட்டு, என்ன மூட்டை வலிக்கிறது இவளுக்கு என்று கொஞ்ச நேரம் குழம்பினேன். முட்டிக்குத் தைலம் மட்டும் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. தாம்பரத்தில் இல்லாத பிசியோதெரபியா? போய்க் காட்டு.

விருப்ப ஓய்வு வாங்கியதும் பகலெல்லாம் மகளோடு உட்கார்ந்து ஸ்டார் டிரெக்கை முதலிலிருந்து பார்க்கிறாய் என்றால், கொடுத்துவைத்தவள்தான் நீ. 1966-ல் வந்த விண்வெளித் தொடர், செட்டெல்லாம் அட்டை என்று பார்த்தாலே தெரியும், ஆனாலும் விட முடியவில்லை என்று எழுதியிருக்கிறாய். எப்படி முடியும்? அந்த ஸ்பாக் வைக்கும் வணக்கம், நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பிரித்துக் காட்டுவது, உன் விரலுக்கு இப்போது வரமாட்டேன் என்கிறதாமே. அதைக் கொண்டுவந்தவர் ஸ்பாக்காக நடித்த லெனார்டு நிமாய்தான், தெரியுமா? சின்ன வயதில் யூதர்களின் தொழுகைக்கூடத்துக்குப் போயிருக்கிறார். ஆசீர்வாதம் செய்யும்போது யாரும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். இவர் எட்டிப் பார்த்திருக்கிறார். பெரியவர்கள் கையை அப்படித்தான் வைத்திருந்தார்களாம். பார்க்காதே என்றால் பார்க்கிற பிள்ளைகள்தான் பிற்காலத்தில் இந்த மாதிரி வேலைக்கெல்லாம் போகிறார்கள் போலிருக்கிறது.

என் மாமியார் அத்தைக்கு அதைக் காட்டியிருந்தால், "என்னா, வெரல்ல நரம்பு புடிச்சுக்கிச்சா?" என்று கேட்டிருப்பார்.

அத்தை இறந்துபோனதைப் பற்றி நீ ஒரே வரியில் கேட்டுவிட்டு நிறுத்தியிருக்கிறாய். வைகாசியில் வர முடியாமல் போனதற்கு இன்னொரு வரி. அதை விடு. உன் முட்டியும் உன் மாமியாரின் கண் ஆபரேஷனும் எனக்குத் தெரியாததா? போனில் அன்றைக்கு நான் சரியாகப் பேசவில்லை. கூடத்தில் ஆள், வாசலில் ஆள், பந்தல்காரர் ஒரு பக்கம், நாற்காலி வாடகைக்காரர் ஒரு பக்கம். இப்போது பள்ளிக்கூடத்துக்கு மழை லீவு. இவங்க வயலுக்குப் போயிருக்கிறார். உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாம் பிறந்த 1972-ல்தான் சிவகாசியில் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. லயன் காமிக்ஸ் வந்தது 1984-ல். நமக்குப் பன்னிரண்டு வயது. வாடகை நூல் நிலையத்தில் ஒரு புத்தகத்தை வாங்கி, ஹரித்ராநதித் தெப்பக்குளக் கரையில் உட்கார்ந்து நீ இடது பக்கம் நான் வலது பக்கம் என்று படித்தது உனக்கு மறந்திருக்காது. நீ வேகமாகப் படித்துவிட்டு "திருப்புடி, திருப்புடி" என்று பிடுங்குவாய். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது என் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்த நாத்தனார், "என்ன அண்ணி, சின்னப் புள்ளைங்க புஸ்தகமா கொண்டாந்திருக்கீங்க?" என்று சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை. ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது. அட்டையில் இருந்த குதிரையைப் பார்த்து, "நல்ல குதிர. ஆனா பல்லத் தப்பா எழுதியிருக்கான்" என்றார். அவருடைய அப்பா குதிரை வண்டி வைத்திருந்தவர்.

அப்புறம்தான் இது ஆரம்பித்தது. அரிசி புடைக்கும்போது, சீவல் சீவும்போது, கீரை ஆயும்போது, "அந்த குதிரக்காரன் கதைய சொல்லு" என்பார். நான் படங்களைக் காட்டிக்கொண்டே படிப்பேன். டெக்ஸ் வில்லர்தான் குதிரைக்காரன். இத்தாலியில் 1948-லிருந்து இன்றுவரை விடாமல் வந்துகொண்டிருக்கும் கௌபாய். "டுமீல்" என்று நான் வாசித்தால் முறத்தை நிறுத்தி, "யாருக்குப் பட்டுச்சு?" என்பார். மலையேறி, பாலைவனம் தாண்டி, இரண்டு நாள் துரத்திக்கொண்டு போய்க் கொள்ளைக்காரனைப் பிடித்துவிட்டான் என்று நான் உணர்ச்சியோடு முடித்தால், அத்தை கேட்பார்: "அதெல்லாம் சரி, ரெண்டு நாளா அந்தக் குதிரைக்கு யாரு தண்ணி காட்டினா?"

எனக்கு அப்போது எரிச்சலாக வரும். பிறகு நானே கவனிக்க ஆரம்பித்தேன். குதிரைக்குத் தண்ணி காட்டும் படம் எந்தக் கதையில் வருகிறது, எதில் வரவில்லை என்று. காட்டும் ஓவியர்களின் கதைகள்தான் நன்றாகவும் இருக்கின்றன, ராஜி. இதை எந்த விமர்சகரும் எழுதி நான் படித்ததில்லை. அத்தையின் கண்டுபிடிப்பு.

அடுத்த கேள்வி எப்போதும் சாப்பாடு. "இவன் எப்பத்தான் சோறு திம்பான்?" டெக்ஸ் கதையில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஊருக்குள் நுழைந்ததும் அவனும் வெள்ளைமுடி கார்சனும் விடுதியில் உட்கார்ந்து, மூன்று விரல் தடிமனுக்கு வறுத்த மாட்டிறைச்சியும் மலை மாதிரி உருளைக்கிழங்கு வறுவலும் கேட்பார்கள். கதைக்குக் கதை இதுதான். இறைச்சி விஷயத்தை நான் கொஞ்சம் மென்று முழுங்கி, "கறி" என்று மட்டும் சொல்லிவைப்பேன். அத்தை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த உருளைக்கிழங்கு மலைதான் அவரைப் பிடித்துக்கொண்டது. "சோறே இல்லாம கிழங்க மட்டுமா? வயித்துக்கு ஒத்துக்குமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் சின்னவன் ஒருநாள் நீளநீளமாக நறுக்கிப் பொரித்துத் தட்டில் குவித்து வைத்தான். ஒன்றை எடுத்துக் கடித்தார். "மொறுமொறுன்னுதான் இருக்கு. ஆனா இதுக்காவ ரெண்டு நாளு குதிரைல போவணுமா?"

டெக்ஸுக்கு ஒரு மனைவி உண்டே, லிலித், நவஹோ தலைவரின் மகள். வியாபாரிகள் அம்மைக் கிருமி பட்ட கம்பளிகளை விற்று, அதில் அவள் இறந்துபோவாள். அந்த இடத்தை ஒரு மத்தியானம் படித்துக்கொண்டிருந்தேன். அத்தை பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டார். "அம்ம பாத்த துணிய எவனாச்சும் விப்பானா?" என்றார். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். அப்புறம் தானாகவே பேச ஆரம்பித்தார். அவருக்கு ஒரு தங்கை இருந்திருக்கிறாள். பெரியம்மையில் போய்விட்டாள். வேப்பிலைப் படுக்கையில் கிடந்தது, பாயையும் பாவாடையையும் ஆற்றங்கரையில் கொண்டுபோய்க் கொளுத்தியது, அந்தப் பாவாடை தனக்குத் தைத்த பாவாடை என்று ஏழு வயது அத்தை அழுதது, அதற்கு அடி வாங்கியது. இவங்களுக்கே அப்படி ஒரு சித்தி இருந்தது தெரியாது. இந்தியாவில் பெரியம்மை கடைசியாகக் கண்டது 1975-ல். நமக்கு மூன்று வயது. நம் தோளில் இருக்கும் தழும்போடு அந்தக் கதை முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். இத்தாலிக்காரன் எழுதிய கௌபாய் கதை இந்த வீட்டில் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டுவிட்டது.

மாயாவி மேல் மட்டும் அத்தைக்கு மரியாதை கிடையாது. அது 1962-ல் இங்கிலாந்தில் 'வேலியன்ட்' வாரப் பத்திரிகையில் வந்த கதை. வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர். அந்தக் கறுப்பு மையின் அடர்த்தியை நான் எத்தனை சொன்னாலும், "கரண்டு பாஞ்சாத்தான் மறைவான்னா அவன் என்ன மாயாவி?" என்பார். கஜா புயலில் அவர் சொன்னது பலித்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கரையைக் கடந்தது, வேதாரண்யம் பக்கம். எங்கள் கொல்லையில் ஒரு தென்னை கூட மிஞ்சவில்லை. மின்கம்பங்கள் வரிசையாக வயலில் படுத்திருந்தன. வாரக்கணக்கில் கரண்டு கிடையாது. இருட்டில் உட்கார்ந்துகொண்டு அத்தை சொன்னார்: "உங்க மாயாவி இப்ப வந்தான்னா நல்லா மாட்டிக்குவான்."

அந்தப் புயலில் ஓடு பறந்து என் தகரப் பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். வயலில் அத்தனை நஷ்டம் இருக்கும்போது காமிக்ஸ் புத்தகத்துக்காக அழுகிறாள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று வெளியே காட்டிக்கொள்ளவும் முடியவில்லை. அத்தைதான் புத்தகங்களைத் திண்ணைக்குக் கொண்டுவந்தார். வெயிலில் போடாதே, நெளிந்துபோகும், நிழலில் போடு என்றார். பக்கத்துக்குப் பக்கம் பழைய பேப்பரைச் செருகி, அது ஈரத்தை இழுத்ததும் உருவிவிட்டு வேறு பேப்பர் வைத்தார். விரலை எச்சில் தொட்டுத் திருப்பாமல், நெல்லுப் பதம் பார்ப்பது போல இரண்டு விரலால் ஓரத்தைக் கிள்ளிப் பார்த்துத்தான் திருப்பினார். காய்ந்ததும் நெல்லுக்குப் போடுகிற நொச்சித் தழையையே பெட்டிக்கு அடியிலும் போட்டுவைத்தார். இன்றைக்கும் பெட்டியைத் திறந்தால் டெக்ஸ் வில்லர் மேல் நொச்சி வாசனைதான் வருகிறது. அட்டைகள் போய்விட்டன. இந்தப் பழைய இதழ்களுக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்லி விற்கிறார்களே, அவர்களிடம் என் பெட்டி செல்லாது. நல்லதாகப் போயிற்று. அட்டைக்காக வாங்கிப் பீரோவில் பூட்டிவைப்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

சின்னவனுக்கு நம் ஆட்கள் பத்தாது. அவன் ஜப்பான்காரர்களின் கட்சி. ஒன் பீஸ் என்று ஒரு கடற்கொள்ளையர் கதை, எய்ச்சிரோ ஓடா என்பவர் 1997-லிருந்து வரைகிறார், இன்னும் முடியவில்லை. அத்தைக்கு அதையும் போட்டுக்காட்டினான். ரப்பர் மாதிரி கை நீளுகிற பையன்தான் நாயகன். "கப்பல்ல யாரு சமைக்கிறது?" என்று அத்தை கேட்டதும் சின்னவன் துள்ளிக் குதித்துவிட்டான். அந்தக் கதையில் கப்பலுக்கு என்றே ஒரு சமையல்காரன் இருக்கிறான், சாஞ்சி என்று பெயர். பசியென்று வந்தவன் எதிரியானாலும் சோறு போடுவான். அத்தைக்குப் பரம திருப்தி. "இவன்தான் வெவரமா எழுதியிருக்கான்" என்று ஓடாவுக்குச் சான்றிதழே கொடுத்துவிட்டார். எனக்குப் பொறாமைதான், மறைக்கவில்லை.

மாசி மாதம் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போய்விட்டது, பேச்சு குழறியது. திருவாரூருக்கும் தஞ்சாவூருக்கும் அலைந்ததையெல்லாம் எழுதப்போவதில்லை, உனக்கும் உன் அப்பா விஷயத்தில் தெரிந்ததுதான். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். இரண்டு பாகமாக வந்த டெக்ஸ் கதை. முதல் பாகம்தான் கையில் இருந்தது. ஒரு நகரத்தில் வரிசையாகக் கொள்ளை, யார் பின்னால் இருக்கிறார்கள் என்று தெரியாது. பாங்க்காரன் ஒருவன் டெக்ஸுக்கு உதவி செய்கிறான், சாப்பாடு போடுகிறான், நல்ல மனுஷனாக இருக்கிறான். அத்தை இடது கையைத் தூக்கி அவன் படத்தின் மேல் விரலை வைத்தார். "இ... இவன்." எனக்குப் புரியவில்லை. மறுபடி தட்டினார். இவன்தான் திருடன் என்கிறார்! "இல்ல அத்தை, இவன் நல்லவன்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வாதம் செய்து பிரயோஜனமில்லை என்று நினைத்தால் அப்படித்தான் செய்வார்.

வைகாசியில் ஒரு விடியற்காலை போய்விட்டார். தூக்கத்தில். பால் கறக்க வந்தவர்தான் முதலில் தெரிந்துகொண்டு குரல் கொடுத்தார்.

பதினாறாம் நாள் படையல் போட்டோம். இடியாப்பம், விரால் மீன் குழம்பு, வறுத்த முந்திரி, வெற்றிலை, சீவல், அவருக்குப் பிடித்த நன்னாரி சர்பத் ஒரு டம்ளர். எல்லாம் இலையில் வைத்து முடித்ததும் சின்னவன் அடுப்படியிலிருந்து ஒரு தட்டு உருளைக்கிழங்கு வறுவலைக் கொண்டுவந்து நடுவில் கொட்டினான். குவியலாக. சீர்காழிச் சின்னத்தை, "இது யாரு கேட்டா? அக்கா இதெல்லாம் தின்னுச்சா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்து, அது அழுகையாக மாறி, யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. நாத்தனார் மட்டும், பாவம், முதுகைத் தடவிக்கொண்டே, "குதிரக்காரன் சாப்பாடு, சித்தி" என்றாள். அன்றைக்குச் சிரித்தவளேதான். எல்லாம் அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

ஆடி அமாவாசைக்குக் கோடியக்கரை போனோம், இவங்க கடலில் குளித்துத் தர்ப்பணம் கொடுத்தார். கோடியக்கரை என்றாலே உனக்கும் எனக்கும் பூங்குழலிதானே. படகு ஒன்றையாவது பார்க்கலாம் என்று எட்டி எட்டிப் பார்த்தேன், அத்தனை கூட்டம். திரும்பும்போது காட்டு ஓரத்தில் அந்த மட்டக்குதிரைகள் நின்றன, யாருக்கும் சொந்தமில்லாதவை, வெளிமான்களோடு சேர்ந்து மேய்கின்றன. இவங்க வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தார். "இதுங்களுக்கு இங்க நல்ல தண்ணி எங்க கெடைக்கும்?" என்றார். அம்மா பிள்ளைதான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆவணியில் இரண்டாம் பாகம் பார்சலில் வந்தது. கூரியர்காரர்கள் மழையில் வாசலில் வீசிவிட்டுப் போனதில் ஒரு மூலை ஊறியிருந்தது. அன்றிரவே உட்கார்ந்து படித்துவிட்டேன். கதை சுமார்தான், ராஜி. முதல் பாகத்தில் இருந்த பிடிப்பு இல்லை. கலரில் போட்டிருக்கிறார்கள், டெக்ஸுக்குக் கலர் எதற்கு? கறுப்பு வெள்ளையில் பார்த்தால்தான் அந்தப் பாறைகள் பாறைகளாக இருக்கும். அதை விடு. பாங்க்காரன்தான் திருடன்! அத்தை விரல் வைத்த அதே ஆள். படுக்கையில் கிடந்துகொண்டு, பாதிப் பார்வையில், எழுத்தே தெரியாமல் எப்படிக் கண்டுபிடித்தார்? முதல் பாகத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். அந்த ஆள் டெக்ஸுக்குச் சாப்பாடு போடுகிறான், தானும் எதிரில் உட்கார்ந்திருக்கிறான், ஆனால் அவன் தட்டு கடைசிவரை அப்படியே இருக்கிறது. ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. ஓவியர் வரைந்துவைத்திருக்கிறார். வசனத்தைப் படிக்கிற நான் எப்படிப் பார்ப்பேன்?

இதை எழுப்பிச் சொல்ல வீட்டில் ஆளில்லை. இவங்களிடம் சொன்னேன், "அப்படியா" என்றார். பெரியவனுக்குப் பெங்களூருக்குப் போன் போட்டேன், மீட்டிங்கில் இருந்தான். சின்னவன் கேட்டான், கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போய்விட்டான். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். உனக்குத் தெரியும், கதை முடிந்தவுடன் யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அதற்கப்புறம் வந்த இதழ்கள் மேசையில் இருக்கின்றன. படிக்கிறேன். வாயை மூடிக்கொண்டு படித்தால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. போன வாரம் எட்டாம் வகுப்பில் ஒரு பெண் கணக்கு நோட்டுக்குள் ஏதோ காமிக்ஸ் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். பிடுங்கிப் பார்த்தேன், இங்கிலீஷ், வௌவால் மனிதன் பேட்மேன். "கார்ல இவ்ளோ வேகமா போறானே, பெட்ரோல் யாரு போடுறா?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்காமல் யோசித்துவிட்டு, "ஆல்ஃபிரட் தாத்தா போடுவாரு மிஸ்" என்றாள். அவன் வீட்டு வேலைக்காரர். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், தலைமையாசிரியரிடம் சொல்லாதே.

இங்கே நிலவரம்: ஜூன் 12-ம் தேதியே மேட்டூர் திறந்தார்கள். நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் தண்ணீர் பிரிந்து பாமணிக்கு வந்தபோது இவங்க முகத்தைப் பார்க்க வேண்டுமே! குறுவை பரவாயில்லை. ஆனால் அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள். மூட்டையைப் பிரித்துக் கொட்டுவதும் தார்ப்பாய் போட்டு மூடுவதுமாக ஆள் பாதியாகிவிட்டார். சம்பாவுக்கு சி.ஆர். 1009 சப் 1 போட்டிருக்கிறோம், தண்ணீரில் இரண்டு வாரம் மூழ்கினாலும் பிழைத்துக்கொள்ளும் ரகம். சின்னவன் அதற்கு மாயாவி நெல் என்று பெயர் வைத்திருக்கிறான்.

இந்த வருஷம் எங்களுக்குத் தீபாவளி இல்லை. அக்கம்பக்கத்தில் கொடுத்த அதிரசமும் முறுக்கும் தூக்கு தூக்காக இருக்கின்றன. நீயும் ஏதும் அனுப்பாதே.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் அம்மா வீட்டுப் பரணில் உன் பங்குக் காமிக்ஸ் கட்டு இருந்ததே, சணல் கயிறு கட்டி. அதில் மாயாவி எத்தனை தேறும் என்று பார். கூரியரில் போட்டுவிடாதே, கையில் கொண்டுவா. தை மாதம் பள்ளிக்கூட லீவில் நான் சும்மாதான் இருப்பேன். மன்னை எக்ஸ்பிரஸில் கீழ்ப்படுக்கை கிடைக்கிற தேதியாகப் பார்த்துப் போடு, உன் முட்டிக்கு மேலே ஏற முடியாது. மகளையும் கூட்டிவா. ஒன் பீஸை உங்களுக்கு முதலிலிருந்து போட்டுக்காட்டுகிறேன் என்கிறான் சின்னவன். ஆயிரம் எபிசோடுக்கு மேல் இருக்கிறதாம், அதற்குத் தகுந்தாற்போல் துணிமணி எடுத்துவரச் சொல்கிறான்.

அன்புடன்,
வசந்தா